1900களின் கறுப்பினப் பாடகி ஒருவரின் டிரங்குப் பெட்டி: ஸ்க்ராப்புக், மெழுகு உருளை, ஃபிலிம்… எதில் தொடங்குவது?

வட்டாரவரலாறு_ஓஹையோ

வணக்கம். ஓஹையோவில் உள்ள ஒரு சிறிய வட்டார வரலாற்றுச் சங்கத்துக்கு டிரங்குப் பெட்டி ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது. ஏறத்தாழ 1898 முதல் 1912 வரை ஊர் ஊராகப் போய் மேடையேறிய ஆப்பிரிக்க அமெரிக்கப் பாடகி ஒருவருடையது. பெரிய பெயர் பெற்றவர் இல்லை. சங்கத்தில் எல்லோரும் தன்னார்வலர்கள், கையிருப்பு 1,500 டாலர்.

உள்ளே இருப்பவை:

140 பக்க ஸ்க்ராப்புக் ஒன்று. பத்திரிகை நறுக்குகள், நிகழ்ச்சி நிரல்கள், சில கடிதங்கள். தையல் விட்டுப்போய், நறுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து ஒட்டப்பட்டிருக்கின்றன.
34 கேபினெட் கார்டு (தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ படம்) புகைப்படங்கள். இரண்டில் மட்டுமே பெயர் எழுதியிருக்கிறது.
20 அச்சு இசைத்தாள்கள். பல அட்டைகளில் கேவலமான கேலிச்சித்திரங்கள், தலைப்பிலேயே வசைச்சொற்கள்.
9 இசைத்தட்டுகள். அதில் 2 மிகவும் தடிமன், எடிசன் பெயர் போட்டவை.
5 ஒலிப்பதிவு உருளைகள். 2 பழுப்பு, 2 கறுப்பு, 1 நீலம்.
பெயர் எதுவும் எழுதாத 35 மி.மீ. ஃபிலிம் டப்பா ஒன்று.

எதை முதலில் செய்வது? இணையத்தில் எதையெல்லாம் போடலாம்? படங்களில் இருப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது? பெரிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தாள்காப்பான்

முதலில் அந்த ஃபிலிம் டப்பா. மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

1951-க்கு முந்தைய 35 மி.மீ. ஃபிலிம் என்றாலே எளிதில் தீப்பிடிக்கும் செல்லுலோஸ் நைட்ரேட் என்று வைத்துக்கொண்டுதான் கையாள வேண்டும். ஓரத்தில் 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத வகை) என்று இருந்தாலும் உடனே நம்பாதீர்கள். பிரதி எடுக்கும்போது மூலச் சுருளின் ஓர எழுத்தும் சேர்ந்தே பதிவாகிவிடுவது உண்டு. ஒரு துண்டு வெட்டி எரித்துப் பார்ப்பது, புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது. நைட்ரேட் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் எரியும்.

நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் டப்பாவை மெதுவாகத் திறந்து பாருங்கள். படம் மங்கி மஞ்சளாகியிருந்தால் தொடக்க நிலை. பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நிலை. தேன் போன்ற கசிவு, கொப்புளம், கெட்டிப்பட்ட கட்டி, கடைசியில் பழுப்புப் பொடி என்று போகும். பொடி தெரிந்தால் மூடிவிட்டு உள்ளூர்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்த அளவுக்குப் போகவில்லையென்றால் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள். 'தனியாக' என்பது தீப்பிடிக்கும் என்பதால் மட்டும் இல்லை. நைட்ரேட் விடும் வாயு பக்கத்தில் உள்ள புகைப்படங்களின் வெள்ளியையும் தாளையும் அரிக்கும். இத்தனை காலம் ஒரே டிரங்கில் இருந்திருக்கிறது, அது போதும். சாதாரணத் தபாலில் அனுப்ப முடியாது. ஆபத்தான சரக்கு என்று முறைப்படி சிப்பம் கட்டிப் பயிற்சி உள்ளவர்கள்தான் அனுப்ப வேண்டும். லாப நோக்கற்ற அமைப்புகளிடம் உள்ள பழைய அமெரிக்கப் படங்களைக் காக்க நேஷனல் ஃபிலிம் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன் நிதி தருகிறது, அவர்களுக்கு எழுதுங்கள்.

பெயரில்லாத டப்பாதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலப் புகழ்பெற்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸ் 1913-இல் பயோகிராஃப் நிறுவனத்துக்காக நடித்த படம் முடிக்கப்படாமலே போயிற்று. தொகுக்காத சுருள்களாக 1939-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து, 2014-இல்தான் பார்வையாளர் கண்ணில் பட்டது.

இனி ஸ்க்ராப்புக். அதைப் பிரிக்காதீர்கள். நறுக்குகளைப் பிய்த்து எடுத்துத் தனித்தனி உறையில் போட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். எந்த ஊர் நறுக்குக்கு அடுத்து எந்த ஊர் ஒட்டியிருக்கிறது, எந்த விமர்சனத்துக்குப் பக்கத்தில் யார் கடிதம் இருக்கிறது என்ற வரிசைதான் ஆதாரம். தேதி இல்லாத நறுக்குக்குத் தேதி தருவது அதன் பக்கத்து நறுக்கு. அந்தக் காலத்தில் பெரும் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி சிசியரெட்டா ஜோன்ஸ் குரலில் ஒரு ஒலிப்பதிவுகூட இன்று இல்லை. அவர் எங்கே பாடினார், என்ன எழுதினார்கள் என்பதற்கு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் மையத்தில் உள்ள அவருடைய ஸ்க்ராப்புக்தான் பெரிய சான்று. உங்கள் பாடகிக்கு இணையத்தில் ஒன்றும் கிடைக்காது என்றால் இந்த ஏடு இன்னும் முக்கியம்.

செய்யும் முறை: 2பி பென்சிலால் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் வெளி மூலையில் எண் போடுங்கள். தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த வேண்டாம், முதுகு முழுதாக உடையும். காப்பி ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்து, ஏட்டை 100–110 பாகைக்கு மேல் விரிக்காமல் பஞ்சுத் தாங்கியில் வையுங்கள். முதல் படம் பக்கத்தை நீங்கள் பார்த்தபடியே, எதையும் தொடாமல். அப்புறம் மேல் மடிப்பைத் திறந்து ஒன்று, அடுத்த மடிப்பைத் திறந்து ஒன்று, நறுக்கின் பின்புறம் தெரிந்தால் அதையும் ஒன்று. பின்புறத்தில் ஓடும் வேறு செய்தியோ விளம்பரமோதான் அது எந்தப் பத்திரிகை, எந்த வாரம் என்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படத்திலும் வண்ண அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும். அங்குலத்துக்கு 400 பிக்சல், சுருக்காத டிஃப் கோப்பு. கோப்புப் பெயரில் பக்க எண்ணும் அடுக்கு எண்ணும் வர வேண்டும்: 12-ஆம் பக்கம், இரண்டாம் மடிப்பு என்றால் 012_2.

மடிப்பில் காய்ந்துபோய் முறியும் நறுக்குகளைத் திறக்க முயலாதீர்கள். அப்படியே படமெடுத்து, 'திறக்கவில்லை' என்று குறித்துவிட்டு விடுங்கள். நீராவி காட்டினால் இளகும் என்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் உள்ள கடிதத்தின் அனிலின் மை அதே ஈரத்தில் பரவிவிடும். துருப்பிடித்த கிளிப் இருந்தால் அதன் இரு புறமும் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகிவிட்டுப் பிறகு உருவுங்கள். நேரடியாக இழுத்தால் துருவோடு தாளும் வரும். எல்லாப் பக்கத்துக்கும் இடைத்தாள் வைத்தால் ஏடு உப்பி மிச்சத் தையலும் அறும். புகைப்படத்தை எதிர்ப்பக்க நறுக்கு தொடும் இடத்தில் மட்டும் வையுங்கள், பத்திரிகைத் தாளின் அமிலம் படத்தில் பழுப்பு நிழலாக இறங்காமல் இருக்க அது போதும். பிறகு ஏட்டின் அளவுக்கே செய்த அமிலமற்ற பெட்டியில் படுக்கையாக. லேமினேஷன் என்ற பேச்சே வேண்டாம். பரண், நிலவறை இரண்டும் ஆகாது. 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 35–50 சதவீதம்.

புகைப்படங்களுக்கு பாலியெஸ்டர் உறை. பிவிசி கூடாது. 600 பிக்சலில் முன்புறம், பின்புறம் இரண்டும். கேபினெட் கார்டின் அட்டை 4¼ × 6½ அங்குலம், அதன் அடியில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் இருக்கும், அதை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்பவர்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை. படங்களுக்கு நைட்ரைல் கையுறை. தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கை. பருத்திக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிவது அப்போதுதான்.

---

வினைல்பித்தன்

இசைத்தட்டுகளுக்கு ஒரு சின்ன டிப்ஸ்: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். பழைய கிராமபோன் ஒன்று பிடித்து ஓட்டி, முன்னால் ஃபோனை வைத்துப் பதிவு செய்யலாம். உருளைகளும் அப்படியே. செலவே இல்லை.

---

மெழுகுருளை

மேலே உள்ள பதிலைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். வினைலுக்குச் சரிப்படுவது இதற்குச் சரிப்படாது. அந்தக் காலத் தட்டு அரக்கால் ஆனது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். பளிச்சென்று ஆவது பள்ளத்தின் மேற்பரப்பு போய்விட்டதால். பழைய கிராமபோனின் எஃகு ஊசியும் கனமான ஒலிப்பெட்டியும் ஒரே ஓட்டத்தில் பள்ளத்தைத் தேய்த்துவிடும். பழுப்பு உருளையை ஒருமுறை அப்படி ஓட்டினால் அதுவே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம்.

உங்கள் 5 உருளைகளும் ஒரே வகை இல்லை. அதைப் புரிந்துகொண்டால் பணத்தை எங்கே செலவிடுவது என்று தானே தெரியும்.

கறுப்பு உருளைகள் 1902-க்குப் பிறகு அச்சில் வார்த்தவை, ஒரே பதிவின் ஆயிரக்கணக்கான பிரதிகளில் ஒன்று. நீலம் எடிசனின் புளூ அம்பெரால், 1912 முதல் வந்தது. வெளியே செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர். ஈரத்தில் பிளாஸ்டர் உப்பி, துளை சுருங்கிவிடும். இயந்திரத்தின் கூம்பில் ஏறாததை அழுத்தி ஏற்றினால் நெடுக விரிசல் விழும். இந்த மூன்றின் எண்ணையும் விளிம்பில் பார்த்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா உருளை ஒலிக் காப்பகத்தில் தேடுங்கள். 10,000-க்கு மேற்பட்ட உருளைகள் அங்கே கேட்கக் கிடைக்கின்றன. ஏற்கெனவே நல்ல பிரதி இருந்தால் உங்களுடையதைப் பத்திரமாக வைத்தாலே போதும்.

பழுப்பு உருளைகள்தான் விஷயம். 1902-க்கு முன் உருளையை மொத்தமாக நகலெடுக்க நல்ல வழி இல்லை. பாடகர் சில இயந்திரங்களின் புனல்களுக்கு முன் நின்று பாடுவார், ஒரு தடவைக்குச் சில உருளைகள்தான் தேறும். அதனால் அதே பாட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். 1890 முதல் பதிவு செய்த முதல் கறுப்பின ஒலிப்பதிவுக் கலைஞர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் தன் சிரிப்புப் பாட்டை அப்படித்தான் பாடிப் பாடித் தீர்த்தார். ஆகவே ஒரே பாட்டின் இரண்டு பழுப்பு உருளைகள் இரண்டு வெவ்வேறு நிகழ்த்துதல்களாக இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு: வீட்டு ஃபோனோகிராஃபிலேயே வெற்று உருளையில் பதிவு செய்யலாம். பாடகியின் பெட்டியில் கிடைத்த பழுப்பு உருளை அவருடைய சொந்தக் குரலாக இருந்தால் உலகத்தில் வேறு பிரதி கிடையாது. 1,500 டாலரில் பெட்டிகளுக்குப் போக மிச்சத்தை இந்த இரண்டுக்கு ஒதுக்குங்கள்.

எடுக்கும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் துளைக்குள் விட்டு மெதுவாக விரித்துத் தூக்குங்கள். வெளிப்புறத்தில் விரல் படக்கூடாது. குளிர்ந்த மெழுகில் உள்ளங்கைச் சூடு பட்டாலே 'டக்' என்று விரிசல் விடும். வேறு அறைக்குக் கொண்டுபோனால் 24 மணி நேரம் பெட்டியிலேயே விட்டு வெப்பநிலை ஒத்துப்போன பிறகு திறங்கள். நிமிர்த்தி நிற்க வையுங்கள். பழைய பெட்டியின் உள்ளே பஞ்சு ஒட்டியிருந்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். பெட்டியைத் தனியாகக் காத்து, உருளையைப் புதிய அமிலமற்ற பெட்டிக்கு மாற்றுங்கள். மெழுகின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. துடைக்காதீர்கள். பூஞ்சை மெழுகைத் தின்ற இடத்தில் ஒலி திரும்பி வராது, துடைத்தால் பக்கத்துப் பள்ளமும் போகும்.

பூஞ்சையோ விரிசலோ இருந்தால் ஐரீன் என்ற முறை இருக்கிறது. ஊசி தொடாமல் பள்ளத்தை ஒளியால் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து ஒலியைக் கணக்கிடுவார்கள். மாசச்சூசெட்ஸ் ஆண்டோவரில் உள்ள வடகிழக்கு ஆவணப் பாதுகாப்பு மையம் இதைக் கட்டணத்துக்குச் செய்கிறது. உடைந்த உருளைக்குக்கூட வழி உண்டு, அதனால் துண்டுகளை ஒட்டிவைக்க வேண்டாம்.

யாரிடம் கொடுத்தாலும் கேட்க வேண்டியவை: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு, இரைச்சல் நீக்காத மூலம். சுத்தப்படுத்திய பிரதி வேண்டுமானால் தனியாக. தொடக்கத்தை வெட்டக்கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். பழுப்பு உருளைகளில் பாட்டுக்கு முன் ஒருவர் பாட்டின் பெயர், பாடுபவர், நிறுவனம் எல்லாம் உரக்க அறிவிப்பார், அதுதான் லேபிள். வேகம் 120 முதல் 160 சுற்றுவரை மாறும். அறிவிப்பாளரின் பேச்சுக்குரல் இயல்பாகக் கேட்கும் வேகத்தில் தொடங்கிச் சரிசெய்வார்கள், எந்த வேகத்தில் எடுத்தார்கள் என்பதைக் குறிப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டுகள்: '78' என்பது பேருக்குத்தான். 1925-க்கு முன் 70 முதல் 82 வரை எதுவும் இருக்கும். அந்தக் காலப் பதிவுக்கு மின் சமன்பாடு கிடையாது, எனவே சாதாரண ஃபோனோ பெருக்கியின் ஆர்ஐஏஏ வளைவு (எல்பி தட்டுகளுக்கான ஒலிச் சமன்பாடு) போட்டால் ஒலி மந்தமாகிவிடும். ஊசி முனை ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் போய் உருண்டு அழுக்கை மட்டும் வாசிக்கும். அந்த 2 தடித்த எடிசன் தட்டுகள் 80 சுற்று, பள்ளம் பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக வெட்டியது. சாதாரண மோனோ இணைப்பில் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும், தட்டு கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஸ்டீரியோவில் எடுத்து ஒரு தடத்தின் முனைவைத் திருப்பிக் கூட்ட வேண்டும். எடிசன் தட்டில் தண்ணீர் படவே கூடாது, உள்ளே மரத்தூள் கலந்த கருப்பகுதி உப்பிப் பிளந்துவிடும். மற்ற 7 தட்டுகளுக்குக் காய்ச்சி வடித்த நீர், லேபிள் நனையாமல்.

பெர்ட் வில்லியம்ஸ் 'நோபடி' பாட்டை 1906-இல் கொலம்பியாவுக்காகப் பதிவு செய்தார், 1913-இல் மறுபடியும். பாட்டின் பெயரை மட்டும் குறித்தால் எது எதுவென்று தெரியாது. லேபிளுக்கு அருகே பொறித்துள்ள மேட்ரிக்ஸ் எண்ணையும் (பதிவின் அடையாள எண்) டேக் எண்ணையும் (எத்தனையாவது முறை பாடியது) எழுதி, அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் பட்டியலில் தேடுங்கள். அதுவும் சாண்டா பார்பராவினுடையதுதான், இலவசம்.

---

வினைல்பித்தன்

அரக்கு விஷயம் புதுசு. நன்றி சார்.

---

பழம்பத்திரிகை

அடையாளம் காண்பதைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் பாடகி இணையத்தில் இல்லை என்பது பெரும்பாலும் தேடும் பெயரில் உள்ள சிக்கல். சிசியரெட்டா ஜோன்ஸ் பிறந்தது மாட்டில்டா சிசியரெட்டா ஜாய்னராக, சுவரொட்டியில் 'பிளாக் பாட்டி', சில நிரல்களில் 'மேடம் எம். எஸ். ஜோன்ஸ்' போன்ற சுருக்கங்கள். பாடகியும் நடனக் கலைஞருமான ஆய்டா ஓவர்டன் வாக்கர் முதலில் அடா ஓவர்டன். பெர்ட் வில்லியம்ஸின் மேடைக் கூட்டாளி ஜார்ஜ் வாக்கரை மணந்தபின் மூன்றாம் பெயர் சேர்ந்தது. எனவே பிறந்த பெயர், மணவழிப் பெயர், மேடைப் பெயர், எழுத்துப்பிழைகள் எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். பழைய பத்திரிகைகளை இயந்திரம் வாசிக்கும்போது எழுத்துகள் சிதையும். பாடகியின் பெயரைவிட, அதே குழுவில் இருந்த அபூர்வமான பெயர் கொண்ட ஒருவரையும் அரங்கின் பெயரையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

எங்கே தேடுவது: இண்டியானாபொலிஸின் 'ஃப்ரீமேன்' என்ற கறுப்பின வார இதழ்தான் முதல் இடம். அதன் நாடகப் பக்கத்துக்கு ஊர் ஊராகச் சுற்றிய கலைஞர்களே எழுதி அனுப்புவார்கள்: இந்த வாரம் எந்த ஊரில், யார் குழுவை விட்டுப் போனார், யாருக்கு உடம்பு சரியில்லை. சில்வெஸ்டர் ரஸ்ஸல் அதில்தான் விமர்சனம் எழுதினார். பிறகு 'நியூயார்க் ஏஜ்', 1905 முதல் 'சிகாகோ டிஃபெண்டர்'. காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்காவில் மற்றப் பல இதழ்கள் இலவசம். வெள்ளையர் நடத்திய ஊர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கிடைக்கும், நடிகர்களின் பெயர் அபூர்வம்.

குடிமதிப்புப் பதிவில் 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 1921 தீ விபத்தோடு அது ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. 1900, 1910 பாருங்கள், ஆனால் சுற்றுப்பயணத்தில் இருந்தவர் விடுதி முகவரியில் இருப்பார், அல்லது இரண்டு இடத்தில் இருப்பார், அல்லது எங்கும் இருக்க மாட்டார். வெளிநாடு போனவர் என்றால் பாஸ்போர்ட் விண்ணப்பம் பாருங்கள். 1914 இறுதியிலிருந்து அதில் புகைப்படம் கட்டாயம். பெயரோடு முகமும் சேர்ந்து கிடைக்கும்.

நிகழ்ச்சி நிரல்களில் ஒரு பொறி இருக்கிறது. வில்லியம்ஸும் வாக்கரும் நடித்த 'இன் டஹோமி' இசை நாடகம் 1903 பிப்ரவரி 18-இல் நியூயார்க்கில் பிராட்வேயில் தொடங்கி, மே மாதம் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்குக்குப் போனது. வில் மரியன் குக் இசை, பால் லாரன்ஸ் டன்பார் பாடல்கள், ஜெஸ்ஸி ஷிப் கதை. ஆனால் பாட்டுகள் வாரத்துக்கு வாரம் மாறின, பிறகு இன்னொரு குழுவும் அதே நாடகத்தோடு ஊர் சுற்றியது. எனவே அந்தப் பெயர் போட்ட நிரல் கிடைத்தால் வில்லியம்ஸும் வாக்கரும் நடித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். நடிகர் பட்டியல், அரங்கு, நாள் மூன்றையும் பாருங்கள். அதேபோல 'ஜார்ஜியா மின்ஸ்ட்ரல்ஸ்' (மின்ஸ்ட்ரல் என்பது முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தாரைக் கேலியாகக் காட்டிய அந்தக் கால மேடை வகை) என்ற பெயர் பெரும்பாலும் கறுப்பினக் குழுக்களைக் குறித்தது. ஆனால் ஒரே பெயரைப் பல குழுக்கள் வைத்துக்கொண்டன.

படங்களில் முகச் சாயலை மட்டும் வைத்துப் பெயர் போடாதீர்கள். ஒரு தவறான பெயர் இணையத்தில் ஏறிவிட்டால் இறக்க முடியாது, நூறு இடத்துக்குப் பரவும். அட்டவணையில் 'பெயர்', 'எதை வைத்து', 'உறுதி அல்லது ஊகம்' என்று மூன்று பத்தி வையுங்கள். ஸ்டூடியோ எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்தது என்பதை நகர முகவரிப் புத்தகங்களில் பார்க்கலாம், அதோடு ஸ்க்ராப்புக்கில் குழு அந்த ஊருக்கு வந்த வாரத்தை ஒப்பிட்டால் பல படங்களுக்குத் தேதி விழுந்துவிடும்.

நாடகப் பிரதி தேடினால் காங்கிரஸ் நூலகத்தின் காப்புரிமை வைப்புகளையும் பாருங்கள். அச்சாகாத நாடகங்களின் தட்டச்சுப் பிரதிகள் அங்கே இருக்கின்றன.

வசைச்சொல் தலைப்புகளைப் பற்றி: தலைப்பு என்ற இடத்தில் அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். பாப் கோல், பில்லி ஜான்சன் இருவரின் 1898 நாடகம் 'அ ட்ரிப் டு கூன்டவுன்' ('கூன்' என்பது கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சொல்). கறுப்பினத்தாரே எழுதி, இயக்கி, நடித்து நியூயார்க்கில் அரங்கேற்றிய முதல் முழுநீள இசை நாடகம் அது. தலைப்பை மறைத்தால் தேடுபவருக்கு நாடகமே கிடைக்காது. ஆனால் உங்கள் சொந்த விவரணையில் அந்தச் சொல் வரக்கூடாது. கேலிச்சித்திர அட்டையை முகப்புப் பக்கச் சிறுபடமாக வைக்காமல், சொடுக்கினால் திறப்பதாக வையுங்கள். 'சில உள்ளடக்கம் புண்படுத்தலாம்' என்று மொட்டையாக எழுதுவதால் பயனில்லை. யார் வரைந்தது, யார் பதிப்பித்தது, பாட்டை எழுதியவர் யார், பாடியவர் ஏன் முகத்தில் தக்கைக் கரி பூச வேண்டியிருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அட்டை பதிப்பாளர் வேலை, அதில் பாட்டெழுதியவருக்குப் பேச்சே கிடையாது.

---

பெட்டி_எண்_9

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. அமெரிக்கச் சட்டம் மட்டும்.

வெளியிடப்பட்ட இசைத்தாள், நறுக்கு, நிரல்: வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. உங்களிடம் உள்ள காலத்துக்கு எல்லாம் காப்புரிமை முடிந்தவை, தயங்காமல் போடலாம். 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுவில். 1923–1946 வெளியீடுகளுக்கு 100 ஆண்டு.

கடிதம் வேறு. தாள் உங்களுடையது, எழுத்து எழுதியவருடையது. வெளியிடப்படாத கடிதத்துக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டு. எழுதியவர் 1950-இல் இறந்திருந்தால் முடிந்துவிட்டது, 1970-இல் இறந்திருந்தால் இன்னும் இருக்கிறது. எடுத்தவர் தெரியாத, வெளியிடப்படாத படத்துக்கு எடுத்ததிலிருந்து 120 ஆண்டு.

பலர் கோட்டை விடுவது இது: அந்தப் பழுப்பு உருளை வீட்டுப் பதிவாக இருந்தால் அது 'வெளியிடப்படாத' ஒலிப்பதிவு. 1900-ஆம் ஆண்டுப் பதிவாக இருந்தாலும் பாதுகாப்பு 2067 பிப்ரவரி 15 வரை. வாரிசுகள் நன்கொடை தந்தவர்கள்தான் என்றால் நன்கொடைப் பத்திரத்திலேயே உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'டிரங்கும் அதிலுள்ள பொருள்களும்' என்று மட்டும் எழுதினால் உரிமை வராது.

கொடுப்பதா வைப்பதா: ஹார்லமில் உள்ள ஷோம்பர்க் மையம் (ஹெலன் ஆர்ம்ஸ்டெட்-ஜான்சனின் நாடகத் தொகுப்பு அங்கே), ஹோவர்டின் மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன், எமரி பல்கலைக்கழகத்தில் பில்லப்ஸ்-ஹாட்ச் ஆவணங்கள், யேலில் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் தொகுப்பு. இவற்றில் எதற்கு எழுதினாலும் முதலில் கேட்க வேண்டியது: தொகுப்பைப் பிரிக்காமல் ஒரே பெயரில் வைப்பீர்களா, விவரப் பட்டியல் எப்போது வரும், எங்களுக்கு முழு டிஜிட்டல் பிரதி உண்டா. என் கருத்து: ஃபிலிமும் பழுப்பு உருளையும் உங்கள் அறையில் இருக்கக்கூடாது, அதற்கேற்ற அறை உங்களிடம் இல்லை. மற்றவற்றை ஊரில் வைக்க நியாயம் உண்டு. ஆனால் ஐந்து தன்னார்வலர்களில் மூவர் விலகினால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லையென்றால் இப்போதே கொடுத்துவிடுங்கள். தொகுப்பு தொலைவது பெரும்பாலும் சங்கம் கலையும்போதுதான்.

டிஜிட்டல் கோப்பு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். செக்ஸம் (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து ஆண்டுக்கொருமுறை ஒப்பிடுங்கள்.

---

வட்டாரவரலாறு_ஓஹையோ

எல்லோருக்கும் நன்றி. டப்பாவைத் தனி அறைக்கு மாற்றியாயிற்று. பொடி இல்லை, ஓரம் மஞ்சள். ஒரு துணைக்கேள்வி. பாடகி இந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டதாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள், கல் எதுவும் இல்லை. கல் வைக்க விரும்புகிறோம். நடைமுறை என்ன?

---

பழம்பத்திரிகை

இது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சனுக்கு குவீன்ஸ் மேப்பிள் குரோவ் கல்லறையில் 2014-இல்தான் கல் வந்தது, சிசியரெட்டா ஜோன்ஸுக்கு பிராவிடன்ஸில் 2018-இல்.

குடும்பத்தார் சொல்வதை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். முதலில் இறப்புச் சான்றிதழ்; அதில் கல்லறையின் பெயரும் அடக்கம் செய்த நாளும் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கல்லறை அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டையும் மனை வரைபடத்தையும் கேளுங்கள்: பிரிவு, வரிசை, குழி எண் மூன்றும் வேண்டும். மேடைப் பெயரில் தேடினால் கிடைக்காது, சட்டப்பூர்வப் பெயரிலும் கணவர் பெயரிலும் தேடுங்கள். மனை யார் பேரில் இருக்கிறது என்பது அடுத்தது. கல் வைக்க மனை உரிமையாளர் அல்லது வாரிசின் கையெழுத்து கேட்பார்கள். பொதுக் குழியில் பலரை ஒன்றாகப் புதைத்திருந்தால் தனிக்கல்லுக்கு அனுமதி கிடைப்பது அரிது. அப்போது குழி எண்ணைக் குறிப்பிட்டு அருகில் நினைவுப்பலகை கேட்கலாம்.

கல்லுக்குச் சொல்லும் முன் கல்லறையின் விதியை எழுத்தில் வாங்குங்கள். நிமிர்ந்த கல்லா, தரையோடு படுத்த கல்லா, அடித்தளம் யார் போடுவது, அதற்குத் தனிக் கட்டணமா என்று இடத்துக்கு இடம் மாறும். தயாரான கல்லை அளவு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறந்த ஆண்டில் கவனம். மேடைக் கலைஞர்கள் வயதைக் குறைத்துச் சொல்வது சகஜம். ஜோன்ஸ் பிறந்தது 1868 என்றும் 1869 என்றும் இரண்டும் அச்சில் கிடைக்கிறது. குழந்தையாக இருந்தபோது எடுத்த குடிமதிப்புப் பதிவுதான் பிற்காலத்தில் அவரே சொன்னதைவிட நம்பகமானது. இரண்டு தனித்தனிச் சான்று ஒத்துப்போகவில்லையென்றால் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு இறந்த ஆண்டை மட்டும் பொறியுங்கள். மேடைப் பெயர், சட்டப் பெயர் இரண்டும் கல்லில் இருக்கட்டும்.

அதே மனையில் குடும்பத்தாரின் பழைய கல் இருந்து அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, டி/2 கரைசல் (கல்லில் படியும் பாசி, பூஞ்சையை நீக்குவது). பிளீச், கம்பித் தூரிகை, அழுத்த நீர் மூன்றும் வேண்டாம். பளிங்காக இருந்து, தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ தொட்டால் சர்க்கரை போல உதிர்ந்தாலோ தண்ணீர்கூடப் படாமல் விட்டு, எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.